ஜெயக்கொடி விரலில் எடுத்த ரத்தம்

ஜெயக்கொடி செத்துப்போன செய்தி எனக்கு ஒரு ஸ்டிக்கராக வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை பஸ் ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்து போனை எடுத்தால், லேப் டெக்னீசியன்கள் குழுவில் கண்ணீர் வடிக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சி. யாருக்கு என்று ஒரு வரி கிடையாது. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். நடுவில் ஒரு புண்ணியவான் சூரியன் உதிக்கிற படத்தோடு காலை வணக்கம் வேறு போட்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். 'உங்க லேப் ஜெயக்கொடி மேடம்தான், உங்களுக்கே தெரியாதா?' என்று பதில் வந்தது. பத்தொன்பது வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவள் வீட்டுக்காரர் செல்லையா அண்ணன் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டது அதற்குக் கால் மணி நேரம் கழித்துத்தான். "தாயி, போயிட்டா" என்று மட்டும் சொன்னார். பஸ் அதற்குள் ராஜபாளையத்துக்குள் நுழைந்துவிட்டது.

அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க நல்லபடியாக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னவர் எங்கள் லேப் முதலாளி. "அவர், இவர்னு மரியாதையா எழுதும்மா, சிரிச்ச முகம், தன்னம்பிக்கை, அந்த மாதிரி" என்றார். அவள் என்றுதான் எழுதுவேன். எனக்கு அவள் 'ஏட்டி', அவளுக்கு நான் 'அக்கா', என்னை வாரிவிடும்போது மட்டும் 'மேடம்'. ஒரு வயது வித்தியாசம். சிரித்த முகமும் அவளுக்குக் கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீ குடித்துவிட்டு வந்து நிற்பவரைப் பார்த்து அவள் முறைக்கிற முறைப்பு உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுநாள், ராஜபாளையத்தில் லேபுக்கு வந்து படியேறினால் அங்கே ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. ஜெயக்கொடியின் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிசு பண்ணி, கன்னத்தில் ரோஸ் பூசி வைத்திருக்கிறார்கள். 'நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் நம்மை விட்டுப் பிரிந்த எங்கள் குடும்பத்தின் தூண்' என்று மேலே. அவள் படத்துக்கு நேர் கீழே, பச்சை எழுத்தில், 'உங்கள் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு? இன்றே அறிந்துகொள்ளுங்கள்' என்று எங்கள் பரிசோதனைத் திட்டத்தின் விளம்பரம். பக்கத்தில் முதலாளி விற்கிற எதிர்ப்புச் சக்தி பவுடர் டப்பாவின் படம். தூ! எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலம் டெஸ்ட் பண்ணும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

ஏன் இத்தனை ஆத்திரம் என்று சிலர் கேட்பீர்கள். அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அது என்ன என்று பிறகு சொல்கிறேன். அந்த ஒன்றைத்தான் இந்த ஃப்ளெக்ஸ் மிதித்திருக்கிறது. ஆனால் முதலாளியைக் காறித் துப்புவதற்கு முன்னால் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கேட்கப் போகிற நீங்கள் எல்லாரும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். அதனால் உங்களுக்கு உடனே புரியும், எனக்குக் கூச்சமாகவும் இருக்கும்.

புது ஸ்டெயின் பாட்டில் வந்தால் நாம் என்ன செய்வோம்? நோயாளி ரத்தத்தில் போட்டுப் பார்க்க மாட்டோம். நம்மில் ஒருவர் விரலில் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்து, இன்னொரு ஸ்லைடால் இழுத்துத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சாயம் நன்றாகப் பிடித்தால் பாட்டில் பாஸ். நம்ம ரத்தம்தானே நார்மல் என்று ஒரு நினைப்பு. எங்கள் லேபில் அந்த விரல் எப்போதும் ஜெயக்கொடியுடையது. காரணம் கேவலமானது. ஊர்க்காரர் கை எல்லாம் குத்துகிற எனக்கு, என் விரலைக் குத்தப் பயம். "குடு ஏட்டி உன் விரல" என்பேன். "மேடம் வீட்டு ரத்தம் தங்கமோ?" என்று கேட்டுக்கொண்டே நீட்டுவாள். இழுத்துத் தேய்ப்பது என் வேலை, பார்ப்பது அவள் வேலை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் வந்தது. தேய்த்தோம், சாயம் ஏற்றினோம், பார்த்தாள். "அக்கா, செல் எல்லாம் நசுங்கிக் கெடக்கு. கோலத்த மிதிச்ச மாதிரி இருக்கு. உனக்குக் கை கனம்" என்றாள். மறுபடி தேய்த்தேன். மறுபடியும் அதே நசுங்கல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டெயினில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் 'ஸ்டெயின் சரியில்லை' என்று எழுதி, சோதனை ஸ்லைடுகளை அவள் சேர்த்து வைக்கிற மரப்பெட்டியில் போட்டேன். சப்ளை பண்ணுகிறவர் ஸ்கூட்டரில் வந்து கெஞ்சினார். அந்த மனுஷனை நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

அடுத்த பாட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மூன்றாவதை வேறு வழியில்லாமல் நோயாளி ஸ்லைடுகளுக்குப் போட்டோம். அழகாக வந்தது! அப்போதாவது புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? செய்யவில்லை. ஸ்டெயின் வைக்க வைக்கத்தான் தேறும் என்று நம் எல்லாருக்கும் ஒரு பாடம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டோம். "பாத்தியா, ஊற ஊறச் சரியாயிருச்சு" என்று நான் சொல்ல, அவளும் தலையாட்டினாள். இப்படிப் பதினோரு மாதம் போனது. அவள் ரத்தம் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் வந்து சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் ஒவ்வொரு தடவையும் பாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தோம். 'ஸ்லைடு பொய் சொல்லாது, பாக்குறவதான் பொய் சொல்லுவா' என்று அவள் அடிக்கடி சொல்வாள். சொன்னவளும் பார்க்கவில்லை, கேட்ட நானும் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு மெஷின்தான் காட்டிக்கொடுத்தது. ரத்த அணுக்களை எண்ணுகிற புது கவுண்டர் மாட்ட வந்த என்ஜினியர் நார்மல் ரத்தம் ஒன்று கேட்டார். ஜெயக்கொடி கையை நீட்டினாள். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம் என்று மெஷின் கத்தியது. "என்னய்யா மெஷின் இது, வந்த அன்னைக்கே கெட்டுப்போச்சு" என்று அவரோடும் சண்டைக்குப் போனேன். அவர் தன் ரத்தத்தைக் கொடுத்துப் போட்டுக் காட்டினார். சரியாக இருந்தது. "மேடம், மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் ஜெயக்கொடி, "அக்கா, செத்த நேரம் சும்மா இரு" என்றாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்து ஆல்புமின் எடுத்தாள். ரத்தத்தில் அதை ஒரு சொட்டுக் கலந்து தேய்த்தால் மெலிந்த செல்கள் நசுங்காமல் நிற்கும் என்று படிக்கும்போது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் மறந்தே போயிருந்தேன். அவளே தேய்த்தாள், அவளே சாயம் ஏற்றினாள். பார்த்தாள். எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துக்கொண்டே, "யாரு ரத்தம்னு தெரியாத மாதிரி பாருக்கா" என்றாள். பார்த்தேன். ஒன்று கூட நசுங்கவில்லை. ஒரே சாடையில், முழுசு முழுசாக, இடம் கொள்ளாமல் லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்கள். வேறு யாருடையதாக இருந்தாலும் அரை நிமிஷத்தில் ரத்தப் புற்று என்று டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். என் கையில் கனம் இல்லை, ஸ்டெயினில் தண்ணீர் இல்லை, அவள் செல்கள்தான் தேய்த்தால் தாங்காத நோய்ச் செல்கள். "சொல்லு, என்னன்னு ரிப்போர்ட் எழுதுவ?" என்று கேட்டாள். நான் ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி வேறு இடம் தேடிக்கொண்டிருந்தேன். "நல்லவேளை, ஸ்டெயின்காரருக்கு இனிமே நிம்மதி" என்றாள் அவள்.

மதுரையில் டாக்டர், பதினோரு மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் அப்போதே மருந்து கொடுத்திருக்க மாட்டேன், பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பேன் என்று சொன்னார். அதை ஜெயக்கொடி எனக்கு நாலு தடவை சொன்னாள். நான் நாலு தடவையும் நம்பவில்லை. பிறகு அவர் சொன்ன இன்னொன்றைத்தான் அவள் மிச்ச வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை அணுக்களில் பி செல் என்று ஒரு வகை. அதன் மேற்புறமெல்லாம் ரிசெப்டர்கள், நம் பாடப்புத்தகத்தில் ஏற்பிகள் என்று போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து வருகிற கிருமி அந்த ஏற்பியில் பொருந்தினால், 'பெருகு' என்று செல்லுக்குள் சேதி போகும். கிருமி ஒழிந்ததும் சேதி நின்றுவிடும். இவளுக்கு வந்த வகையில், ஏற்பி கிருமிக்குக் காத்திருப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற தன் சொந்த ஏற்பியையே பிடித்துக்கொண்டு சேதி அனுப்பும். சேதி ஓய்வதில்லை, சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது. இது ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நெருப்பை அணையாமல் வைத்திருப்பது இதுதான் என்றாராம். ஏற்பியின் மரபணுவைச் சோதித்துவிட்டு, உங்களுடையது வேகமாகப் போகிற ரகம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதைச் செல்லையா அண்ணனுக்கு அவள் புரிய வைத்ததை நான் கூட இருந்து கேட்டேன். அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர், எதையும் நேராகக் கேட்பார். "அப்போ உனக்கு எதிர்ப்புச் சக்தி பத்தலையா?" என்றார். ஜெயக்கொடி, "மொதலாளி வீட்டு வெள்ளை நாய் இருக்குல்ல? கேட்டுல ஆள் வந்தாக் குரைக்கணும். என் உடம்புல இருக்கது ஆளே வராம, தன் வாலப் பாத்துக் குரைக்கிற நாய். ஒவ்வொரு குரைப்புக்கும் ஒரு குட்டி போடுது. வீடு பூரா குட்டி. குரைப்பு எம்புட்டு இருந்தென்ன, காவல் இல்ல" என்றாள். அண்ணன், "குரைக்காம வாயக் கட்ட முடியுமா?" என்று கேட்டார். "அதுக்குத்தான் மாத்திரை" என்றாள். ஏற்பியிலிருந்து செல்லுக்குள் போகிற சேதியை வழியிலேயே மறிக்கிற மாத்திரை. அவளுக்குக் கழுத்தில் நெறிக்கட்டிகள் வந்தபோது அதைத் தொடங்கினார்கள்.

இங்கேதான் பவுடர் வருகிறது. மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாக ஏறியது. நெறிக்கட்டிகளில் பதுங்கியிருந்த செல்கள் பிடி விட்டு ரத்தத்துக்குள் இறங்கும், அதனால் முதலில் ஏறத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த முதலாளி, செல்லையா அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரை ஒத்துக்கலை செல்லையா, எதிர்ப்புச் சக்தியை அடிக்குது, நிறுத்திட்டு இதைக் குடு" என்று பவுடர் டப்பாவைக் கையில் திணித்திருக்கிறார். ரத்தம் படிக்கத் தெரியாத ஒரு மனுஷன், ரத்தம் படிக்கிறவளின் உயிரோடு விளையாடினார். வரவேற்பு மேஜையில் அடுக்கி வைத்து விற்கிற சரக்கு அது. ஜெயக்கொடி அந்த டப்பாவை மறுநாள் லேபுக்குக் கொண்டுவந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாயம் கழுவுகிற சிங்க்கில் கொட்டினாள். "குரைக்கிற நாய்க்குக் கறி போடச் சொல்றியளா சார்?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் கழுத்துக் கட்டிகள் இருந்த இடம் தெரியவில்லை. மூன்று வருஷம் நன்றாக இருந்தாள், வேலை பார்த்தாள், முறைத்தாள்.

பிறகு செல்கள் மாத்திரைக்குப் பழகிக்கொண்டன. மறித்த வழியை விட்டு வேறு வழி கண்டுபிடித்துவிட்டன. அந்தக் கட்டத்தில் கிருமிகளோடு சண்டை போட அவள் உடம்பில் உருப்படியான அணுக்கள் மிச்சமில்லை. கூட்டம் கூட்டாதீர்கள், சளி இருமல் உள்ளவர்கள் பக்கத்தில் போகாதீர்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். நம் ஊரில் அது நடக்குமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டுக்கு, மகாராஜபுரத்திலிருந்து அவள் பிறந்த வீட்டுச் சனம் வேன் பிடித்து வந்தது. ஆளுக்கு ஒரு பால்கோவா டப்பா. "என்னத்தா இப்பிடி எளைச்சுட்ட" என்று கன்னத்தைத் தடவினார்கள். மாஸ்க்கைப் பார்த்து, "நம்மகிட்ட என்ன மாஸ்க்கு" என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி இழுத்துவிட்டாள். இழுத்த கையாலேயே மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்து, அதே கையால் பால்கோவாவைப் பிட்டு அவள் வாயில் வைக்கப் போனாள். சீ! அன்பாம். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன், அகம்பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். அடுத்த வாரம் ஜெயக்கொடிக்கு நுரையீரலில் சளி கட்டி, மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

கார் வரக் காத்திருந்தபோதுதான் அந்த ஒன்றைக் கேட்டாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "அக்கா, நான் போன பொறவு, எதிர்ப்புச் சக்தி இல்லாமச் செத்தான்னு போர்டு போடுவாங்க. விடாத. கடைசியில கொறைஞ்சது நெசந்தான். ஆனா கொறைஞ்சதால வரல. அடங்காததால வந்துச்சு. வந்த பொறவுதான் கொறைஞ்சுச்சு. எது மொதல்ல, எது பொறவுன்னு மாத்தி எழுத விடாத. அப்பிடி எழுதினா அந்த பவுடர் வித்துப்போகும், நம்மள மாதிரி எவளோ ஒருத்தி மாத்திரைய நிறுத்துவா" என்றாள். "வாய மூடு, போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று அதட்டினேன். "வாரேன்" என்றாள். போகும்போதும் என்னை முறைத்துக்கொண்டுதான் போனாள்.

அதனால்தான் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் முதலாளி அறைக்குப் போனேன். அதைக் கழற்றச் சொன்னேன். "பிரிண்ட் ஆயிருச்சும்மா, எல்லாரும் எதிர்ப்புச் சக்தினுதான பேசுறாங்க, சனங்களுக்குப் புரியணும்ல" என்றார். அவள் படத்தை வைத்து அவள் சிங்க்கில் கொட்டியதையே விற்கிறீர்களே சார், உங்களுக்கு அருவருப்பாக இல்லையா என்று கேட்டேன். "நீ ரொம்ப உணர்ச்சிவசப்படுற, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ" என்றார். வெளியே வந்து நாற்காலியைப் போட்டு ஏறி, ஃப்ளெக்ஸின் நாலு மூலைக் கயிற்றையும் அறுத்துச் சுருட்டி, குப்பைக்குப் போகிற மஞ்சள் பையில் திணித்தேன். ரத்தம் பட்ட பஞ்சைப் போடுகிற பை. அதற்கு அதுதான் இடம். கூட்டத்தில் நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்க்கிறவர்களுக்கு நான் வாசிக்கப் போவது இதைத்தான். வாசித்த பிறகு எனக்கு அந்த லேபில் வேலை இருக்குமா என்று தெரியாது. உங்கள் லேப் மேஜையிலும் அந்த டப்பா இருந்தால், வாங்க வருகிறவரிடம் ஜெயக்கொடி சொன்னதைச் சொல்லுங்கள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்த அந்த மரப்பெட்டியைச் செல்லையா அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டார். இன்று காலை லேபுக்குப் புது ஸ்டெயின் பாட்டில் வந்தது. நீட்ட விரல் இல்லை. என் விரலை நானே குத்திக்கொண்டேன், முதல் தடவையாக. வலி ஒன்றும் இல்லை, இதற்கா இத்தனை வருஷம் அவள் விரலைக் கேட்டேன் என்று இருந்தது. யார் ரத்தம் என்று தெரியாத மாதிரி பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியை நினைத்தால் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

பெட்டியைத் திறந்து அவளுடைய முதல் ஸ்லைடை எடுத்தேன். ஓரத்தில் என் கையெழுத்து, 'ஸ்டெயின் சரியில்லை'. அழிக்கவில்லை. பென்சிலைச் சீவி, அதற்குக் கீழே, இருக்கிற இடத்தில் இடுக்கி எழுதினேன்: 'ஸ்டெயின் நன்றாகத்தான் இருந்தது.'